எட்டுக்கட்டையாரின் முதுகு

"உங்க குரலை மட்டும் தனியாப் போட்டுக் காட்டட்டுமா?" என்று ஒலிப்பதிவுக்கார அம்மா கேட்டபோது எட்டுக்கட்டையார் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். புத்தியுள்ள எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவரோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, "போடுங்கம்மா, நானும் கேட்டு நாளாச்சு" என்றார்.

இதை இப்போது அவரே போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எதை விட்டாலும் அந்தக் கால் போட்டதை மட்டும் விடாமல் சொல்கிறார்.

அவர் நாட்டுப்புறப் பாட்டுக்காரர். கிணறு வெட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் வேலையோடு வேலையாகப் பாடும் பாட்டுகளை மேடைக்குக் கொண்டுவந்து நாற்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருப்பவர். ஆரம்ப காலத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் பாடும்போது மின்சாரம் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. ஆயிரம் பேருக்கும் கேட்கிற மாதிரி வெறும் தொண்டையால் பாடி முடித்தார். மறுநாள் பத்திரிகையில் யாரோ 'எட்டுக்கட்டைக் குரல்' என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். விளம்பரத் தட்டி, விசிட்டிங் கார்டு, வீட்டு வாசல் பலகை எல்லாவற்றிலும் எட்டுக்கட்டை ஏறிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே வீடு தெரியாது. எட்டா, ஏழா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பாருங்கள் என்று இவரும் சொல்லவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு சின்ன முடிச்சு வந்து அதை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு மேல் ஸ்தாயி வரவில்லை. இது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்பது அவருடைய எண்ணம். ஒன்று அவர், இன்னொன்று அவர் மனைவியின் தம்பி. அந்த மச்சினன் இருபத்தைந்து வருஷமாக அவருக்குப் பின்பாட்டுப் பாடுகிறவன், மேடையில் எப்போதும் அவருக்கு ஓர் அடி பின்னால் நிற்பவன். சேர்ந்து பாடிப் பாடி இரண்டு குரலும் ஒரே குரலாகிவிட்டது. கிணறு வெட்டும் பாட்டில் ஓர் இடம் வரும்.

நூறடி தோண்டியாச்சு தண்ணியக் காணலியே
நெஞ்செல்லாம் நனைஞ்சிருக்கு நெலந்தான் நனையலியே
மேலே நிக்கும் தோழா, கயித்த விட்டுடாதே

கிணற்றின் அடியில் இருப்பவன் மேலே இருப்பவனைக் கூப்பிடுகிற அந்த 'மேலே' எங்கேயோ போய் நிற்க வேண்டும். அந்த இடம் வந்ததும் எட்டுக்கட்டையார் வலது கையை வானத்துக்குத் தூக்குவார், தலையைப் பின்னால் சாய்ப்பார், மைக்கை மெல்ல விலக்குவார். 'மேலே' போய்விடும். போவது மச்சினன் குரல். கைதட்டல் வருவது இவருக்கு. ஒரே ஓர் இடம்தானே, பெரிய பந்தியில் ஒரு இலை ஓட்டை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தார்.

நாற்பதாவது வருஷ நிகழ்ச்சியை ஒரு பெரிய அரங்கத்தில் வைத்து, அதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக வெளியிடுவதென்று ஒரு கம்பெனி முன்வந்தது. ஒவ்வொருவர் மைக்கையும் தனித்தனி டிராக்காகப் பிடித்திருந்தார்கள். ஆர்மோனியம் தனி, மேளம் தனி, மச்சினன் தனி, எட்டுக்கட்டையார் தனி. அந்தத் தனியைத்தான் ஒலிப்பதிவுக்கார அம்மா இப்போது போட்டார்.

முதல் வரி நன்றாகத்தான் தொடங்கியது. 'நூறடி தோண்டி' வரைக்கும் வந்தது. 'யாச்சு' காணோம். பிறகு 'தண்ணிய' என்று ஒரு சொல், யாரோ முன்னால் சொல்லக் கேட்டுச் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் 'ம்ம், ம்ம்' என்று ஒரு முனகல். தண்ணீர் குடிக்கும் சத்தம். 'ஹா' என்று ஒரு பெருமூச்சு. முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர் தூங்குவதைப் பற்றி மேளக்காரரிடம் ஒரு புகார். 'மேலே' வருகிற இடத்தில் பூரண மௌனம், அதன் நடுவில் கழுத்து எலும்பு சொடக்கென்று ஒலிப்பது மட்டும் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. தூரத்தில் கைதட்டல் எழுந்ததும் அவர் குரல் கம்பீரமாகத் திரும்பி வந்து, "நன்றி, நன்றி" என்றது.

எட்டுக்கட்டையார் காலை இறக்கிக் கீழே வைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் சளி என்றும், மற்ற பாட்டுகளில் இப்படி இருக்காது என்றும் சொன்னார். அந்த அம்மா பதினொரு பாட்டையும் வரிசையாகப் போட்டார். சளி பதினொன்றிலும் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சபையைச் சிரிக்கவைக்கப் பேசும் பேச்சு மட்டும் கணீரென்று ஒரு சொல் உடையாமல் இருந்தது.

பிறகு மச்சினன் டிராக்கைப் போட்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை முழுப் பாட்டு. பின்பாட்டு என்றால் முன்பாட்டு முடிந்ததும் வர வேண்டும். இவனோ ஒவ்வொரு வரியையும் இம்மியளவு முந்தி எடுத்திருந்தான். முந்தாதே, முந்தாதே என்று மேடையிலிருந்து இறங்கும்போதெல்லாம் எட்டுக்கட்டையார் அவனைத் திட்டியிருக்கிறார், ஒரு தடவை வேன் புறப்பட விடாமல் நின்று திட்டியிருக்கிறார். அவன் முந்தியதே இவருக்கு வரி எடுத்துக் கொடுக்கத்தான். அந்தக் கணக்கு விளங்கியதும் காது வரை சூடேறியது.

"அப்ப அன்னைக்கு அரங்கத்துல கேட்டது?" என்றார்.

"உங்க பின்பாட்டுக்காரர் குரல்தாங்க. பாட்டு வந்தா உங்க மைக் இறங்கிடுது. பேச்சு வந்தா ஏறிடுது. உங்க மைக்செட்காரர் ரொம்ப நேக்கா பண்றார்" என்றார் அந்த அம்மா, தொழில் தெரிந்தவரைப் பாராட்டும் மரியாதையோடு.

அங்கிருந்து நேரே மைக்செட்காரர் கடைக்குப் போனார். கடையில் மைக்செட்காரர் இல்லை, கருவி இருந்தது. அதில் இவருடைய குரலை ஏற்றி இறக்கும் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தது. மேல்கோட்டில் 'பேச்சு', கீழ்க்கோட்டில் 'பாட்டு', இரண்டும் அவர் மனைவியின் கையெழுத்து. பிளாஸ்திரி பழுப்பேறி ஓரமெல்லாம் அழுக்குப் பிடித்திருந்தது. எட்டு வருஷப் பிளாஸ்திரி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இது எட்டு வருஷம் தாங்கியிருக்கிறது. காரணம், புளுகினவர் கெட்டிக்காரர் இல்லை, அவர் வீட்டு அம்மா.

வீட்டில் மனைவி அவருடைய மேடைச் சட்டையைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இவர் எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். அந்த அம்மாளும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"டாக்டர் ஆறு மாசம் வாயைத் திறக்கக் கூடாதுன்னார். நீங்க ஆறு நாள் இருந்தீங்களா? ஏழாவது நாள் மேடையில நிக்கிறீங்க. தம்பிகிட்டச் சொன்னேன், ஆறு மாசத்துக்கு மட்டும் தாங்கிக்கடான்னு. மைக்செட்காரர்கிட்டயும் சொன்னேன். போதும்னு யாரும் அப்புறம் சொல்லலை."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது. ஒவ்வொரு தடவையும் வந்து, இன்னைக்குக் குரல் எப்படி இருந்துச்சுன்னு கேப்பீங்க. நல்லா இருந்துச்சும்பேன். நான் பொய் சொல்லலை. குரல் நல்லாத்தான் இருந்துச்சு."

மேளக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, ஆர்மோனியக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, வேன் டிரைவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு நாள் கோபத்தில் இருந்தார். மச்சினனை வேலையை விட்டு நிறுத்திவிடுவது என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை முடிவெடுத்தார். பிறகு யார் பாடுவார்கள் என்ற கேள்வி வந்து அந்த முடிவை அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைத்தது. மூன்றாம் நாள் வீராப்போடு ஒலிப்பதிவு நிலையத்துக்குப் போய், எல்லாப் பாட்டையும் புதிதாகப் பாடித் தருகிறேன், மச்சினன் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதை வையுங்கள் என்றார். அந்த அம்மா மறுக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியே உட்கார்ந்துகொண்டார்.

அன்று காலை முழுக்க ஒரே பாட்டுக்கு முட்டி மோதினார். வரி பார்த்துப் படித்தார். உட்கார்ந்து பார்த்தார், நின்று பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு 'மேலே'க்கு ஒரு தாவு தாவினார். போன குரல் பாதி வழியில் நின்று இருமலாகத் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் கதவைத் திறந்து உள்ளே வந்து, "ஐயா, உங்க பேச்சு இருக்கே, அது தங்கம். அதை அப்படியே வச்சுக்குவோம்" என்றார். தையல்காரரிடம் உங்கள் கடையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று சொன்ன மாதிரி இருந்தது.

பாட்டுக்காரன் என்ற பெயர்தான் அவருக்கு எல்லாம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அறுபத்தேழு வயது, பீரோ நிறையக் கேடயம், ஒரு கழுத்துவலி. வேறு தொழில் எதுவும் அவருக்குத் தெரியாது. இப்போது இதுவும் தெரியாது என்று ஆகிவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால், மச்சினன் டிராக்கை இன்னொரு தடவை போடச் சொல்லி, காதில் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். இருபத்தைந்து வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல்தான். அது வரும்போதெல்லாம் இவர் கையைத் தூக்குவதிலும் கைதட்டலை எண்ணுவதிலும் மும்முரமாக இருந்தபடியால் அதைக் கேட்டதே இல்லை. நூறடிக்குக் கீழே ஒரு மனிதன் நிற்பது அந்தக் குரலில் தெரிந்தது. கயிற்றை விட்டுவிடாதே என்று அவன் கேட்கும்போது கையில் கயிறு இருக்கிற மாதிரியே இவர் விரல் மடங்கிற்று. அழுகை வந்தது. பாட்டுக்காக வந்ததா, போன பெயருக்காக வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே கைக்குட்டைதான் இருந்தது.

மறுநாள் மச்சினனைப் பார்க்கப் போனார். அவனுக்குப் பகலில் பூட்டு ரிப்பேர்க் கடை. ஆள் ஒடுங்கி நுழைகிற அகலம், சுவர் முழுக்கச் சாவிகள், நடுவில் அரத்தோடு அவன். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. யார் வந்தாலும் பேசாமல் சாவியை வாங்கிப் பார்க்கும் சுபாவம். எட்டுக்கட்டையார் ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்றார். பிறகு வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னார். ஆல்பத்தில் பாடியவர் என்று அவன் பெயர்தான் போக வேண்டும். வெளியீட்டு விழாவில் கிணற்றுப் பாட்டை அவன் முன்னால் நின்று பாட வேண்டும், தான் பின்னால் நிற்பார். இதைச் சொல்லும்போதே, மைத்துனனுக்காக மேடையை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையாளர் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சும் வழி நெடுக ஒத்திகை பார்த்ததுதான்.

மச்சினன் அரத்தைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது.

"வேண்டாம் அத்தான். என்னால முடியாது."

தன்னடக்கம் என்று நினைத்து இவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அது தன்னடக்கம் இல்லை.

"பள்ளிக்கூடத்துல ஒரு போட்டிக்கு மேடையில ஏத்துனாங்க. எதிர்ல பூரா முகம். வாயைத் திறந்தேன், காத்துகூட வரலை. அப்படியே நின்னேன், வாத்தியார் வந்து கையைப் பிடிச்சு எறக்கினார். அப்புறம் உங்ககூட வந்தேன். உங்க முதுகு முன்னால இருந்துச்சு. ஒரு முகமும் தெரியலை. உங்க மேடைச் சட்டையில இடது தோள்கிட்ட ஒரு தையல் இருக்குல்ல, அதைப் பாத்துக்கிட்டே பாடுவேன். உங்க முதுகு இல்லாட்டி எனக்குப் பாட்டு வராது அத்தான்."

எட்டுக்கட்டையார் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தொண்டையை வைத்துப் பிழைத்ததாக நினைத்திருக்கிறார், பிழைத்தது முதுகை வைத்து. அகலமான முதுகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை விளம்பரத் தட்டியில் போட முடியாது.

ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சினார். அக்காவின் பெயரைச் சொன்னார். அக்கா புருஷன் நேரில் வந்து கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன். தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு கையில் எடுத்த சாவியை அளவுக்கு மேல் அராவிக் கெடுத்தான். ஆல்பத்தின் அட்டையில் பாடியவர் என்று அவன் பெயரும், உரையும் வழிநடத்தலும் என்று எட்டுக்கட்டையார் பெயரும் அச்சாகி வந்தது. அட்டையை யார் படிக்கிறார்கள்? அதில் பெரிதாக இருந்தது இவர் கையைத் தூக்கிய படம்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். முந்நூறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். எட்டுக்கட்டையார் மைக்கைப் பிடித்து, இன்றைக்கு முதல் பாட்டு மச்சினன் பாடுவார் என்று அறிவித்தார். சபை மரியாதைக்குக் கைதட்டியது. மச்சினன் முன்னால் வந்தான். இவர் ஓர் அடி பின்னால் போய் நின்றார். நாற்பது வருஷத்தில் பின்னால் நிற்பது முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேளம் தொடங்கியது. முகப்பு நாலு சுற்று, ஐந்தாவதில் பாட்டு எடுக்க வேண்டும். ஐந்து வந்தது, போயிற்று. மேளக்காரர் சமாளித்து இன்னும் நாலு சுற்று வாசித்தார். மச்சினனின் கழுத்து வியர்த்து, சட்டைக் காலர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. பதினோராவது சுற்றில் முன்வரிசையில் ஒருவர் கைபேசியை எடுத்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எட்டுக்கட்டையார் யோசிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து அவனுக்கு முன்னால் போய், சபையைப் பார்த்து நின்றுகொண்டார். இடது தோளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார். இரண்டு சுற்று போனது. பிறகு அவருக்குப் பின்னாலிருந்து 'நூறடி தோண்டியாச்சு' எழுந்தது.

எழுந்ததும் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கைகளைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் பார்க்கட்டும், பாடுகிறவன் நான் இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அவர் செய்த காரியங்களிலேயே துணிச்சலானது அதுதான் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, "உதடே அசையலை பாருங்க. இந்த வயசுல என்ன வித்தை" என்றார். அரங்கமே கைதட்டியது. வாயைத் திறக்காமல் பாடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் இரண்டு வரி முடிந்து மேளம் தனியாக ஓடும்போது அவர் மைக்கை இழுத்து உள்ளதைச் சொன்னார். பாடுவது தான் இல்லை, எட்டு வருஷமாகவே தான் இல்லை, பின்னால் நிற்கிறாரே அவர்தான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. தன்னைத்தானே கிண்டல் செய்து நாற்பது வருஷம் சிரிக்கவைத்த வாய், அது உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது அவருக்குள்ளே ஒரு குரல், சொல்லியாச்சு, நம்பாதது அவங்க பாடு என்றது. அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இப்படியே நின்றால் போதும். மச்சினனுக்கும் இதுதான் வேண்டும், சபைக்கும் இதுதான் வேண்டும். பெயர் போகாது. செத்த பிறகும் வாசல் பலகை அப்படியே தொங்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்தக் குரல் தன்னுடைய வேறெந்தக் குரலையும்விடச் சுருதி சுத்தமாக இருந்ததாக இப்போது சொல்கிறார்.

மூன்றாவது வரி வந்தது. 'மேலே' வந்தது. மச்சினன் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் எப்போது திரும்பிப் பார்த்திருக்கிறார்? குரல் ஏறிக்கொண்டே போகும்போது அவர் மைக்கை விட்டுவிட்டு இடப்பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான் செய்தார். முந்நூறு பேருக்கு முன்னால் ஒரு மெலிந்த மனிதன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அந்தக் குரலை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்த அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தொடையில் தட்டியவர் எட்டுக்கட்டையாரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் இவரைப் பார்த்தார். முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புவதை எட்டுக்கட்டையார் ஓரமாக நின்று பார்த்தார். இனி திருப்ப முடியாது.

மச்சினன் கண்ணைத் திறந்தான்.

முதுகு இல்லை, முகங்கள் இருந்தன. 'தோழா' பாதியில் அறுந்தது. உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் அங்கே வந்து நின்றுவிட்டான். மேளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டுக்கட்டையார் அவனுக்கு எதிரே போனார். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்து நின்று, அறுந்த வரியை எடுத்தார். 'கயித்த விட்டுடாதே.' மைக் இல்லை, எட்டுக்கட்டையும் இல்லை, ஒன்றரை இருந்தால் அதிகம். உடைந்த குரல், துருப்பிடித்த கீல் மாதிரி. எட்டு வருஷத்தில் மேடையில் அவர் முழுசாகப் பாடிய முதல் வரி அது. முடித்துவிட்டு மறுபடியும் அதையே பாடினார். மூன்றாவது தடவை பாடும்போது மச்சினனின் கண் அவர் முகத்தில் வந்து நின்றது. வேறு எங்கும் போகாமல் அங்கேயே நின்றது. பிறகு அவன் குரல் மெல்ல வந்து அந்த வரியைப் பிடித்தது, நிமிர்ந்தது, இவருடைய குரலைத் தாண்டி மேலே போனது. இவர் விடவில்லை. கீழே நின்று அதையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார், தாளம் இரண்டு தடவை தவறியது.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கோபமில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாடுறவரை மறைக்குது."

சுருக்கென்று குத்தியது. குத்தின இடத்திலேயே நிம்மதியாகவும் இருந்தது. அவர் மச்சினனைப் பார்த்தார். அவன் நிறுத்தாமல் பாடிக்கொண்டே, போகலாம் என்று தலையை அசைத்தான். எட்டுக்கட்டையார் தள்ளி நின்றார்.